வெல்டிங்கை பசைன்னு நெனச்சா எப்படிங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி பக்கம் 22 வருசமா வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். நம்ம இன்ஜினியரிங் பசங்களுக்கு கம்ப்யூட்டர்ல ஸ்ட்ரெஸ் (பாரம் ஏறுனா இரும்புக்குள்ள எந்த எடத்துல எவ்வளவு விசை விழுதுன்னு) பாக்க சொல்லித்தர்றாங்க, நல்ல விசயம்தான், ஆனா ஒரு ஜாயிண்டையாவது அறுத்து காட்டிட்டு சொல்லித்தரலாம்ல, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

போன வருசம் ஆத்தங்குடி கல்லு ஏத்துற டிராக்டர் டிரெய்லர் ஒண்ணு செஞ்சோம். முன்னாடி கொக்கி மாட்டுற இடத்துல சேனல் (ப வடிவ இரும்பு) மேல 10 மி.மீ. பிளேட்டை படுக்க வச்சு ரெண்டு ஓரமும் வெல்டிங். வெளியூர்ல ஒருத்தர்ட்ட காசு குடுத்து சாஃப்ட்வேர்ல செக் பண்ணுனோம், பூரா நீலமும் பச்சையுமா சேஃப்னு ரிப்போர்ட் வந்துச்சு. ஆறே மாசம், வெல்டிங் விட்டுப்போச்சு. நல்லவேளை வண்டி நின்னுக்கிட்டு இருந்தப்ப பாத்துட்டாங்க.

என் அக்கா மகன் மெக்கானிக்கல் முடிச்சவன், ஃபைலை வாங்கி பாத்துட்டு "மாமா, பிளேட்டு தொடுற இடம் பூரா பாண்டட்னு கெடக்கு"ன்னான். பாண்டட்னா பசை போட்டு ஒட்டுன மாதிரின்னு அர்த்தம். சாஃப்ட்வேரு தானாவே அப்படி போட்டுக்குமாம், யாரும் மாத்தல. நான் அந்த ஜாயிண்டை குறுக்க அறுத்து கிரைண்டர்ல பளபளன்னு தேச்சு குடுத்தேன். சேனலுக்கும் பிளேட்டுக்கும் நடுவுல முடி கணக்கா ஒரு கருப்புக் கோடு ஓடுது, ரெண்டும் ஒட்டவே இல்ல, சும்மா தொட்டுக்கிட்டு இருக்கு. அந்தக் கோடு முடியிற முனையில, அதாவது வெல்டிங்கோட வேர்லதான் விரிசல் கெளம்பி வெளிய வந்திருக்கு. லெக், அதாவது முக்கோணமா படியிற வெல்டிங்கோட ஒரு பக்கம், 6 மி.மீ. போட்டா பாரம் தாங்குற த்ரோட்டு, அதாவது வேர்ல இருந்து வெளிமுகம் வரைக்கும் உள்ள கனம், அதுல 0.7 பங்கு, 4.2 மி.மீ.தான். கம்ப்யூட்டர் பாத்ததோ பிளேட்டு அகலம் பூராவும்!

அப்புறம் அவனே வெல்டிங் பீடை (படிஞ்ச வரியை) முக்கோணமா வரைஞ்சு, அதை மட்டும் ஒட்டி, பிளேட்டுக்கு அடியில வெறும் தொடுப்புன்னு குடுத்து ஓட்டுனான். இப்ப பீடு ஓரத்துல செவப்பு. மெஷ்ஷை (கணக்கு போட மாடலை பிரிக்கிற கட்டங்களை) சின்னதாக்க ஆக்க நம்பர் ஏறிக்கிட்டே போகுது, எது நெசம்னு முழிக்கிறான். எதுவுமே நெசம் இல்ல தம்பி, கூரான உள்மூலையில அது ஏறத்தான் செய்யும். அதனாலதான் பீடு ஓரத்துல இருந்து பிளேட்டு கனத்துல 0.4 பங்கு தள்ளி ஒரு எடத்துலயும் ஒரு கனம் தள்ளி இன்னொரு எடத்துலயும் ஸ்ட்ரெஸ்ஸை எடுத்து, கோடு போட்டு ஓரம் வரைக்கும் நீட்டி பாக்குறாங்க. எங்க பிளேட்டுக்கு 4 மி.மீ.யும் 10 மி.மீ.யும். 4-ல 120, 10-ல 100 வந்துச்சுன்னா ஓரத்துல 133 வரும். அதுவும் ஓரத்து விரிசலுக்குத்தான், எங்க வண்டி மாதிரி வேர்ல விடுறதுக்கு த்ரோட்டை தனியா கணக்கு போடணும். பலமான ஸ்டீலா போட்டுருவோம்னு சிலர் சொல்வாங்க, ஒசந்த கிரேடு ஸ்டீல் போட்டாலும் குலுங்கி குலுங்கி விடுற விரிசல் வெல்டிங்ல ஒண்ணும் கொறையாதுங்க.

வெல்டிங்கை எப்படி மாடல் பண்ணுனோம்னு ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதணும்னு காலேஜ்லயே பழக்கிவிடுங்க. அந்த அறுத்த துண்டு துருப்பிடிக்காம எண்ணெய் தடவி மேசையில இருக்கு, எந்த காலேஜ் வாத்தியார் கேட்டாலும் குடுத்துவிடுறேன், ஆனா திருப்பி குடுத்துரணும்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்,
காரைக்குடி