பதினோரு மணிக்கும் பஸ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் நான். காலையில் மகளை மஞ்சக்குப்பத்தில் பள்ளியில் விட்டு, அரசு மருத்துவமனையில் மாமியாருக்குச் சுகர் மாத்திரை வாங்கி, திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி லாரன்ஸ் சாலையில் லைனிங் துணியும் நூலும் எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் வீடு. ஏறும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் முன்பெல்லாம் தனி டிக்கெட். காசை நினைத்தே பாதி வேலையை மறுநாளைக்குத் தள்ளுவேன். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்று ஆனதும் அந்தக் கவலை விட்டது. அதற்கு நான் என்றும் நன்றியுடையவள்.

ஆனால் டிக்கெட்தான் மாறியது, நேரம் மாறவில்லை. ஆபீஸ் நேரத்தில் அடுத்தடுத்து வரும் பேருந்து, பத்தரை மணிக்கு மேல் காணவே கிடைக்காது. துறைமுகத்திலிருந்து மீன் கூடையோடு வரும் அக்காக்கள் என்னோடு வெயிலில் நிற்பார்கள். கூடையைப் பார்த்ததும் நிற்காமல் போகும் வண்டிகளும் உண்டு. கடைசியில் ஷேர் ஆட்டோவுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

எங்கள் அலைச்சல் எந்தக் கணக்கில் இருக்கிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். விவசாயிகள், விவசாயக் கூலிகள், என்னைப்போல் வீட்டுத் தொழில் செய்பவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ரேஷன் கடைக்கும் நடையாய் நடப்பதை யாரும் கேட்கவே இல்லை.

இப்போது கண்டக்டர் எங்களுக்கும் சீட்டு தருகிறார். எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்பது அதில் தெரிந்துவிடும், சரி. காத்திருந்து அலுத்துப்போய் ஆட்டோவில் ஏறியவள் அதில் வரமாட்டாள். பதினோரு மணிக்குக் கூட்டமில்லை என்று அந்தக் கணக்கு காட்டலாம். பஸ்ஸே வராதபோது எதில் ஏறுவது?

அடுத்த முறை மாநகராட்சியும் போக்குவரத்துத் துறையும் தடம், நேரம் மாற்றும்போது, துறைமுகத்து மீன் ஏலத்துக்கும் மகளிர் குழுக் கூட்டத்துக்கும் ஒரு நாள் வாருங்கள். "எங்கே வேலை?" என்று கேட்காதீர்கள். "நேற்று எங்கெல்லாம் போனீர்கள், கூட யார் வந்தார்கள், கையில் என்ன சுமை?" என்று கேளுங்கள். அதற்கு முன்பே ஒன்று செய்யலாம்: முதுநகருக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் இடையே பத்தரையிலிருந்து மூன்று மணி வரை அரை மணிக்கு ஒரு நகரப் பேருந்து விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர் முதுநகர்