இரண்டாகப் பிரியும் மூலை அலமாரி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஆனால் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கும்போதே மூன்று பக்கம் எழுதுகிறவனை என்ன சொல்ல? தங்கச்சி திட்டவில்லையா? இந்தக் கடிதத்தை நீ படிக்க வேண்டாம், பேரனைப் படிக்கச் சொல்லிக் கேள்.

ரிட்டயர் ஆன பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். மரத்தூளில் போகிறது. சென்னையில் இருக்கும் மகள் ஃபிளாட்டுக்காக ஒரு மூலை அலமாரி செய்து முடித்திருக்கிறேன். இடம் நம் தெரு ஆசாரியின் பட்டறை. கருவியும் அவருடையது, நடுநடுவே விழுந்த வசவும் அவருடையது.

மூலைக்கென்று அலமாரி செய்யும் வழக்கம் நம் பழைய வீடுகளில் கிடையாது. சுவர் ஒன்றரை அடி கனம் இருந்தால் எதற்கு வேண்டும்? விளக்குக்கு ஒரு மாடம், மற்ற சாமானுக்குச் சுவருக்குள்ளேயே பலகை அடித்த அலமாரி, முடிந்தது. ஃபிளாட்டில் உள்சுவர் நாலரை அங்குலம். அதில் மாடம் குடைந்தால் பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கலாம். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சாப்பாட்டு அறை மூலையில் பீங்கான் சாமான் வைக்க இப்படி முக்கோண அலமாரி செய்திருக்கிறார்கள். மகள் அதை எங்கோ படத்தில் பார்த்துவிட்டு, பாட்டியின் பித்தளைச் சாமானை வைக்கக் கேட்டாள்.

அவள் ஃபிளாட் மூன்றாவது மாடி. லிஃப்ட் சின்னது, மாடிப்படி திரும்பும் இடம் அதைவிட மோசம். ஆறடிக்கு மேல் உயரமுள்ள முக்கோணப் பெட்டி அந்தத் திருப்பத்தில் திரும்பவே திரும்பாது. அதனால் கீழே 30 அங்குலத்தில் ஒரு பெட்டி, அதன்மேல் கழற்றி எடுக்கிற மாதிரி 44 அங்குலத்தில் இன்னொன்று என்று முடிவு செய்தேன்.

பெரியப்பா வீட்டு முன்கட்டில் நின்ற அந்த ராட்சத பீரோ உனக்கு ஞாபகம் இருக்கும். அறைக்குள்ளேயே வைத்துச் செய்தது. பாகம் பிரித்தபோது எந்த வாசலிலும் நுழையவில்லை. ஆளுக்கொரு யோசனை சொல்லி, கடைசியில் நடுவில் ரம்பம் போட்டார்கள். அவ்வளவு நல்ல வேலைப்பாடு, விறகு விலைக்குப் போயிற்று. செய்தவருக்கு அந்தக் குடும்பம் அந்த வீட்டை விட்டுக் கிளம்பும் என்று தோன்றியே இருக்காது. நம் பிள்ளைகள் விஷயத்தில் அப்படி நினைக்க முடியுமா? வாடகை ஏறினால் வீடு மாறுகிறார்கள், வேலை மாறினால் ஊரே மாறுகிறார்கள். பிரிக்க வராத சாமானை இனிமேல் யாருக்கும் செய்து தரக் கூடாது என்பது என் கட்சி. ஆசாரிக்கு இதில் சம்மதமில்லை. ஒரே பலகையில் மேலிருந்து கீழ்வரை ஓடும் ரேகையை இடுப்பில் வெட்டுவது பாவம் என்கிறார். சரி, அவர் கட்சியும் கட்சிதான்.

மரத்துக்குக் காரைக்குடி போனேன், முனீஸ்வரன் கோயில் தெரு. இடித்த வீடுகளின் தேக்கு அங்கே கிடைக்கும். செட்டிநாட்டு வீடுகளுக்குக் கப்பலில் வந்த பர்மா தேக்கு இன்னும் அங்கங்கே கைமாறிக்கொண்டிருக்கிறது. பழைய மரத்தில் ஈரம் வடிந்திருக்கும், அதுதான் லாபம். நஷ்டம், உள்ளே ஒளிந்திருக்கும் ஆணி. காந்தத்தை வைத்துப் பலகை பலகையாகத் தடவிப் பார்த்த பிறகுதான் ஆசாரி இழைப்புளியைக் கையில் எடுக்கவே விட்டார்.

கணக்கு உனக்குப் பிடிக்கும், அதனால் சொல்கிறேன். மூலையிலிருந்து இரண்டு சுவரிலும் 24 அங்குலம். அந்த முனைகளை அப்படியே குறுக்கே இணைத்தால் ஓரம் கத்தி மாதிரி கூராகி, போகிறவர் வருகிறவர் இடுப்பைப் பதம் பார்க்கும். அதனால் இரு பக்கமும் சுவருக்குச் செங்குத்தாக 4 அங்குலப் பட்டை கொடுத்து, அதன் பிறகு முகப்பு. முகப்பு 28 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வருகிறது. பட்டையும் முகப்பும் 135 டிகிரியில் சேர்கின்றன, ஆகவே ஒவ்வொரு பலகையின் ஓரத்தையும் இருபத்திரண்டரை டிகிரி சரித்து இழைக்க வேண்டும். எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த ஓரங்கள்தான். மெஷினில் நொடியில் முடியும் என்பார்கள். முடியட்டும்.

தட்டுகளுக்கு மர ரேகை முகப்புக்கு இணையாக ஓட வேண்டும். மரம் ரேகையின் நீளவாக்கில் அசையாது, குறுக்கேதான் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். 20 அங்குல ஆழத்துக்கு ஒரு நூல் அளவு, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒன்று, தாராளமாக அசையும். சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தட்டின் முன்பக்கத்தை மட்டும் பசை போட்டு இறுக்கிவிட்டு, பின்முனையைக் காடிக்குள், அதாவது பலகையில் வெட்டிய பள்ளத்துக்குள், சும்மா நிற்க விட்டிருக்கிறேன். கதவின் நடுப்பலகையும் அப்படித்தான், பசையே இல்லை.

இரண்டு பெட்டியும் சேரும் இடம்தான் இதன் உயிர். கீழ்ப் பெட்டியின் மேல்பலகையில் பூவரசு மரத்தில் செய்த மூன்று முளைக்குச்சி, தலை கொஞ்சம் கூம்பலாக. மேல் பெட்டியின் அடியில் அதற்கேற்ற துளை. நான்கு வைத்தால் ஒன்று எப்போதும் அடம்பிடிக்கும், மூன்று போதும். முன்னால் இரண்டும் இறுக்கம், பின்னால் உள்ளதற்கு மட்டும் துளையைக் கொஞ்சம் நீளவாக்கில் விட்டேன். மேல் பெட்டி ஒன்றரை அங்குலம் பின்தள்ளி உட்காருகிறது. சுற்றி ஓடும் அலங்காரச் சட்டத்தைக் கீழ்ப் பெட்டியில் மட்டும் அடித்திருப்பதால், மேலே உள்ளது அதற்குள் இறங்கியதும் இணைப்புக் கோடு மறைந்துவிடும். கீழ்க்கதவைத் திறந்து உள்ளிருந்து இரண்டு திருகாணி, உச்சியில் சுவரோடு பிடிக்க ஓர் இரும்பு ஆங்கிள். குழந்தைகள் தொங்குகிற வீடு, ஆங்கிளை விட முடியாது. கழற்றுவதற்கு ஒரு ஸ்க்ரூடிரைவரும் இரண்டு ஆளும் போதும்.

பாலிஷுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. துணியில் தொட்டுத் தொட்டுத் தேய்த்ததில் தோள்பட்டை வலி இன்னும் போகவில்லை.

உன் வீட்டு ஹால் மூலையும் சும்மா கிடக்கிறது என்று தங்கச்சி போனில் சொன்னாள். செய்து தருகிறேன், கைவசம் பலகை மிச்சம் இருக்கிறது. ஆனால் மூலை சரியான மட்டத்தில், அதாவது செங்கோணமாக, இருக்கிறதா என்று முதலில் பார். ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறித்துக் குறுக்கே டேப்பைப் பிடி. 5 அடி வந்தால் மூலை மட்டம். கூடினாலும் குறைந்தாலும் எத்தனை நூல் என்று எழுது. தரையிலும் பார், நெஞ்சு உயரத்திலும் பார், இரண்டும் ஒத்துப்போகாது. பூச்சு மூலையில் கனமாக இருக்கும், அதற்குப் பின்முனையைச் சீவிவிடலாம், கவலையில்லை. அப்புறம் மாடிப்படித் திருப்பத்தின் அகலமும் வேண்டும்.

நீ குனிந்து அளக்காதே, டாக்டர் சொன்ன நாள் முடியட்டும். பேரனை அளக்கச் சொல், நீ எழுதிக்கொள். ஹோசூர் வேலை அவனுக்குக் கிடைத்ததா, அதை எழுதாமலே விட்டிருக்கிறாயே?

அன்புடன்,
உன் மச்சான்