பேசாதவரிடம் இருப்பது: நெறியாளராகும் நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கண்டேன். பன்னிரண்டு பேர் சேர்ந்து முடிவெடுக்கும் ஒரு குழுவின் கலந்துரையாடல்களை நெறிப்படுத்தும் பொறுப்பை ஏற்றிருக்கிறீர்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அதிகம் பேசுபவர்களை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று கேட்டிருந்தீர்கள். இத்தனை ஆண்டுகளாக எனக்கு இருந்துவரும் கவலையோ பேசாதவர்களைப் பற்றியது.

சென்ற மாதம் ஒரு திட்டத்தின் கால அட்டவணையை முடிவுசெய்யக் கூடினோம். தொடக்கத்திலேயே மூவர் ஒரே கருத்தைச் சொல்ல, நானும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது என்று கூறிவிட்டேன். எல்லோரும் தலையசைத்தார்கள். கூட்டம் கலைந்தபின், புதிதாகச் சேர்ந்திருந்த உறுப்பினர் ஒருவர் தயங்கியபடி என்னிடம் வந்து, இரண்டாம் கட்டத்துக்கு வேண்டிய தரவுகள் குறித்த நாளுக்குள் கிடைக்கப்போவதில்லை என்றார். அதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று நான் அவரைக் கேட்கவில்லை. நெறியாளர் தம் விருப்பத்தை வெளியிட்டுவிட்டால் புதியவர் காதில் அது தீர்ப்பாகவே விழும், தவறு என்னுடையது. மறுநாளே மீண்டும் கூடி முடிவை மாற்றினோம்.

1985-இல் ஸ்டாசர், டைட்டஸ் என்னும் இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு அன்று முழுவதும் என் நினைவில் இருந்தது. வேட்பாளர்களைப் பற்றிய தகவல்களைக் குழுவினரிடையே பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தால் மிகச் சிறந்தவர் யார் என்பது தெரிந்துவிடும். ஆனால் குழுக்கள் அனைவருக்கும் ஏற்கெனவே தெரிந்ததைச் சுற்றியே பேசின. ஒருவருக்கு மட்டுமே தெரிந்தது பெரும்பாலும் அவரிடமே தங்கிவிட்டது. அந்தத் தகவலை வெளியே கொண்டுவருவதுதான் நெறியாளரின் முதல் வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்காக இப்போது ஒவ்வொரு கூட்டத்தையும் ஐந்து நிமிட மௌனத்தோடு தொடங்குகிறேன். அவரவர் எண்ணத்தைத் தாளில் எழுதுகிறார்கள். பிறகு சுற்றிவந்து ஆளுக்கொன்றாகச் சொல்ல, விவாதிக்காமல் அனைத்தையும் பலகையில் எழுதிய பின்னரே பேச்சைத் திறக்கிறேன். 1971-இல் டெல்பெக், வான் டி வென் என்னும் மேலாண்மை ஆய்வாளர்கள் வகுத்தளித்த முறையின் அடிப்படை இது. கேள்வி கேட்ட பிறகு பொறுத்திருப்பதும் முக்கியம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிகளாக நீட்டினால் விடைகள் நீள்வதோடு வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளில் கண்டறிந்தார். மூன்று விநாடி எவ்வளவு நீளமானது என்பதை நெறியாளர் இருக்கையில் அமர்ந்தால்தான் உணர்வீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது, தாம் சொன்னது யார் காதிலும் விழவில்லை என்ற ஐயத்தால்தான் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர் கருத்தை ஒரே வாக்கியமாகப் பலகையில் எழுதி, சரிதானா என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் அத்துடன் அமைதியாகிவிடுவார். கூட்டத்தின் முடிவைத் தொகுத்துச் சொல்லும் பணியையும் நீங்கள் செய்யாமல் உறுப்பினர் ஒருவரிடம் விடுங்கள். நாம் தொகுத்தால், நமக்குப் பிடித்தது நம்மை அறியாமலே முன்னால் வந்து நின்றுவிடுகிறது.

முதல் கூட்டம் முடிந்ததும், யார் பேசவில்லை என்பதை மறவாமல் எழுதுங்கள். காத்திருப்பேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்