கழுவிய காலோடு போனவன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் நீ சொன்னது இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. "இந்தத் தவக்காலத்துல நான் ஒண்ணுமே செய்யலப்பா. ஒருநாள்கூட உட்கார்ந்து ஜெபிக்கல, பங்குச்சாமிகிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனமும் செய்யல. பெரிய வியாழன் வேற நைட் டியூட்டி. ஈஸ்டருக்கு மட்டும் எந்த முகத்தோட கோவிலுக்குள்ள போறது? அடுத்த வருஷம் ஒழுங்கா தயாராகிப் போறேன்" என்றாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்று குருத்து ஞாயிறு. வியாழனுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது, அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

உன்னிடம் சொல்லாத ஒரு கதை இருக்கிறது. நீ பிறப்பதற்கு முன்பு ஒரு வருடம், பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் ஒருவனாக என்னையும் பங்குத்தந்தை கூப்பிட்டார். அன்று மாலை வீட்டில் அரை மணி நேரம் காலுக்கே செலவழித்தேன். சோப்புப் போட்டு, கல்லால் குதிகாலைத் தேய்த்து, நகம் வெட்டி, வழியில் தூசி படாதிருக்கப் புது சாக்ஸும் ஷூவும் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். பாதமெல்லாம் வெடிப்பு, விரலிடுக்கில் மண். சாமி முழந்தாளிட்டு எனக்குத் தண்ணீர் ஊற்றியபோது நான் ஆண்டவரை நினைக்கவில்லை. 'இந்த மனுசன் காலைக் கழுவிவிட்டாவது வந்திருக்கலாம்' என்றுதான் நினைத்தேன்.

அவர் காலில் விழுந்த தண்ணீர் கலங்கிப்போய்க் கிண்ணத்தில் இறங்கியது. என்னுடையது ஊற்றியபடியே தெளிவாக இறங்கியது. அதை அப்போது நான் பெருமையாகப் பார்த்தேன் என்பதுதான் கேவலம். வெட்கம் வரப் பல வருடம் ஆனது.

இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவிய அந்த ராத்திரியில் உண்மையில் யார் தயாராக இருந்தார்கள் என்று நற்செய்தியில் தேடிப் பார். பாஸ்கா விருந்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி இயேசு அனுப்பியது பேதுருவையும் யோவானையும். பேர் சொல்லி எழுதியிருப்பவர் லூக்கா. தண்ணீர்க் குடம் சுமந்து போன ஆளின் பின்னாலேயே போய், மாடியில் இருந்த பெரிய அறையைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் தயார் செய்தார்கள். ஆனால் கால் கழுவ மட்டும் ஒருவரும் எழவில்லை. (தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியாது; அவர்களுக்கு வழி காட்டியதே ஒரு தண்ணீர்க் குடம்!) அதோடு விட்டார்களா? தங்களுக்குள் யார் பெரியவன் என்று அந்தப் பந்தியிலேயே வாக்குவாதம். ஏற்பாட்டுக்குப் பொறுப்பான அதே இரண்டு பேரும் அப்புறம் கெத்சமனி தோட்டத்தில் இயேசு ஜெபிக்கும்போது தூங்கிப்போன மூன்று பேரில் இருக்கிறார்கள். அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் அப்போது பந்தியில்தான் இருந்தான். அவன் எழுந்து வெளியே போனதை, கால் கழுவியதற்குப் பிறகுதான் யோவான் எழுதுகிறார். அப்படிப் பார்த்தால் அவனுடைய கால்களும் கழுவப்பட்டன.

இப்போது சொல், 'அடுத்த வருடம் தயாராகிப் போகிறேன்' என்று நீ சொல்வதும், நான் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனதும் ஒன்றுதானே?

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, தயாரிப்பே வேண்டாம் என்று அப்பா சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. 'என் வேலையே ஜெபம்தான்' என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். நோயாளியின் பக்கத்தில் ராத்திரி முழுக்க நீ விழித்திருப்பது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனாலும் இயேசு அந்த மூவரிடம் கேட்டது வேறு. தன்னோடு ஒரு மணி நேரம் விழித்திருக்கச் சொன்னார். அவர்களால் முடியவில்லை. மூன்று தடவை வந்து பார்த்தார், மூன்று தடவையும் தூக்கம். அவர்கள் துயரத்தால் தூங்கினார்கள் என்று லூக்கா மட்டும் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு லூக்காவைப் பிடிக்கும். நைட் டியூட்டி முடித்து வந்து சீருடையோடு கட்டிலில் சாய்கிற உனக்கு இது விளங்கும்.

நான்காம் நூற்றாண்டில் எருசலேமுக்குத் திருயாத்திரை போன எஜேரியா என்ற பெண், அங்கே கண்ட பெரிய வியாழன் இரவைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒலிவ மலையில் விழித்திருந்த ஜனங்கள் விடியும் முன் கெத்சமனிக்கு இறங்கி வருகிறார்கள். நோன்பிலும் கண்விழிப்பிலும் களைத்துப்போனதால் மெல்ல மெல்லத்தான் நடக்க முடிந்தது என்கிறார். ஆயிரத்து அறுநூறு வருடமாக இந்த ராத்திரிக்குக் களைத்த ஆட்கள்தான் வந்துகொண்டிருக்கிறார்கள்.

சின்ன வயதில் ஒருமுறை, "பொண்ணுங்க காலைக் கழுவ மாட்டாங்களாப்பா?" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டாய். நான் மழுப்பினேன். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த விதியை மாற்றி, பெண்களையும் சேர்க்கலாம் என்று அறிவித்தபோது, உன்னைத்தான் முதலில் நினைத்துக்கொண்டேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். வியாழன் மாலைத் திருப்பலி கட்டாயம் போயாக வேண்டிய கடன் திருநாள் இல்லை, டியூட்டிக்குப் போவதால் பாவம் ஒன்றும் வந்துவிடாது. இடைவேளையில் பத்து நிமிடம் கிடைத்தால் யோவான் 13ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசி. பேதுரு முதலில் மாட்டேன் என்று மறுத்துவிட்டு, அப்புறம் தலை, கை எல்லாவற்றையும் நீட்டுகிற இடத்தில் கொஞ்சம் நில். வேறு ஜெபம் வராவிட்டால் பரவாயில்லை. வெள்ளியும் சனி பகலிலும் திருப்பலி கிடையாதே தவிர, பாவசங்கீர்த்தனம் கேட்கத் தடை இல்லை. தூங்கி எழுந்து, எந்த நேரம் என்று விசாரித்துக்கொண்டு போ. என்ன சொல்வதென்று ஒத்திகை பார்க்காதே. "ரொம்ப நாளாச்சு சாமி" என்று ஆரம்பித்தால் போதும், மீதியை அவரே கேட்டு வாங்கிக்கொள்வார். சனி இரவு பாஸ்கா திருவிழிப்புக்கு லீவு கிடைத்தால் போ. கிடைக்காவிட்டால் ஞாயிறு காலை.

உனக்காக நான் ஜெபிக்காமல் இல்லை, தினமும் ஜெபிக்கிறேன். அதை வைத்து நீ தப்பித்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

வியாழன் இரவு திருப்பலி முடிந்து, பீடத்துணிகளையெல்லாம் எடுத்த பிறகு நற்கருணை முன்பு நானும் உட்காருவேன். முன்பெல்லாம் நள்ளிரவு வரை அசையாமல் இருந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன். இப்போது பதினொரு மணிக்கே தலை தொங்கிவிடுகிறது, அம்மா முழங்கையால் இடிக்கிறாள். நீ வெள்ளி காலை டியூட்டி முடிந்ததும் கூப்பிடு. நான் எடுக்காவிட்டால் தூங்குகிறேன் என்று அர்த்தம், விடாமல் அடி.

அன்புடன்,
அப்பா