பழைய ஆங்கிலத்தில் தெரிந்த சொல்தான் ஏமாற்றும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்துச் சபைகள் ஆண்டு நிறைவு மலர்களில் 19-ஆம் நூற்றாண்டு மிஷன் கடிதங்களையும் பதிவேடுகளையும் தமிழாக்கிப் போடுவது நல்ல காரியம். 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலம் தொட்டு நம் ஊர்க்கதை அந்த ஆங்கிலத்தில்தான் நிறையக் கிடக்கிறது. ஆனால் கைபேசி அகராதியை மட்டும் நம்பினால் பொருள் தடம் மாறிவிடும். அறியாத சொல் வந்தால் யாரும் நின்று விசாரிப்பார்கள். இன்றும் புழங்கும் சொல் அன்று வேறு பொருளில் இருந்தால் சந்தேகமே வராது.

நம் பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தையே பாருங்கள். 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று இருக்கும். இந்த 'லெட்' அனுமதி அல்ல, தடை. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், 2 தெசலோனிக்கேயர் 2:7-இல் இதே சொல் வருகிறது. நம் தமிழ் வேதாகமம் அங்கே சரியாகத் 'தடைசெய்கிறவன்' என்கிறது. அப்படியே 1 தெசலோனிக்கேயர் 4:15-இல் வரும் 'பிரிவென்ட்' தடுப்பது அல்ல, முந்திக்கொள்வது. மிஷனரிகள் இந்த வேத நடையிலேயே ஊறியவர்கள். அவர்கள் கடிதத்தில் இப்படி ஒரு சொல் இடறினால், அது வரும் வசனத்தைத் தமிழ் வேதாகமத்தோடு ஒப்பிடுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழும்.

திருமணப் பதிவேட்டில் 'கண்டிஷன்' என்ற பத்தி உடல்நிலையைக் கேட்பதல்ல. மணமாகாதவரா, துணையை இழந்தவரா என்று கேட்பது. அதில் 'ஸ்பின்ஸ்டர்' என்றிருந்தால் 'முதிர்கன்னி' என்று எழுதிவிடாதீர்கள். பதினேழு வயதுப் பெண்ணுக்கும் அதே சொல்தான். கல்லறைக் கல்லில் 'ரெலிக்ட்' என்றால் இன்னாருடைய கைம்பெண்.

அடக்கப் பதிவேட்டில் 'கன்சம்ப்ஷன்' காசநோய், 'டிராப்சி' நீர்கோத்த வீக்கம், 'ஏகு' முறைவைத்து வரும் குளிர்காய்ச்சல், 'லாக்ஜா' தாடை இறுகும் வாய்ப்பூட்டு நோய். 'காலரா மோர்பஸ்' என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 1817-இல் வங்காளத்தில் கொள்ளைநோய் கிளம்புவதற்கு முன், சாதாரண வாந்திபேதிக்கே ஐரோப்பிய மருத்துவர்கள் இந்தப் பெயரை வைத்திருந்தார்கள். பிறகு கொள்ளைநோய்க்கும் அதுவே பெயராயிற்று. ஒரே ஒரு பதிவை வைத்து 'ஊரில் காலரா பரவியது' என்று எழுதக் கூடாது. அதே வாரத்தில் எத்தனை அடக்கம் என்று எண்ணிப் பாருங்கள்.

தேதியிலும் சறுக்கல் உண்டு. 'இன்ஸ்டன்ட்' இந்த மாதம், 'அல்டிமோ' போன மாதம், 'பிராக்சிமோ' வரும் மாதம். 1840 ஜனவரி 3-ஆம் தேதியிட்ட கடிதத்தில் '10 அல்டிமோ' என்றிருந்தால் அது 1839 டிசம்பர் 10. மாதத்தோடு வருடத்தையும் மாற்ற மறந்தால் ஒரு வருடக் கணக்கே பிசகும்.

எழுத்தைப் படிப்பதே தனி வேலை. 'எஸ்' இரட்டித்தால் முதலாவதை 'எஃப்' போல நீட்டி எழுதும் வழக்கம், அச்சில் 1800-ஐ ஒட்டி மறைந்த பிறகும், கையெழுத்தில் பல பத்தாண்டுகள் நீடித்தது. 'மிஷன்' என்ற சொல்லே 'மிஃப்சன்' போலத் தெரியும். 'எஃப்' என்று படித்துப் பொருள் வராவிட்டால் அது 'எஸ்' என்று கொள்ளலாம்.

நம்மிடமிருந்தே போன சொற்களும் உண்டு. 'டோப்' நம் தோப்பு. 'கேண்டி' மிட்டாய் அல்ல, கண்டி என்ற எடை. சென்னையில் 500 பவுண்டு, பம்பாயில் 560. இடத்துக்கு இடம் மாறியதால், திருவிதாங்கூர் மிளகுக் கணக்குக்கு அந்த எண்களைத் தூக்கிப் போடக் கூடாது. 'பகோடா' என்றால் பௌத்தக் கோபுரக் கோயில் என்று இன்றைய அகராதி சொல்லும். சுசீந்திரத்தைப் பற்றிய குறிப்பில் அது கோயில், பணக் கணக்கில் வராகன் என்ற பொன் நாணயம். இவற்றுக்கு, இந்தியாவில் ஆங்கிலேயர் புழங்கிய சொற்களுக்காக 1886-இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியைப் பாருங்கள். மற்றச் சொற்களுக்கு, ஆண்டுவாரியாக எடுத்துக்காட்டு தரும் ஆக்ஸ்போர்டு பேரகராதி. முதலில் ஆவணத்தின் ஆண்டைக் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டை ஒட்டிய எடுத்துக்காட்டில் என்ன பொருள் என்று தேடுங்கள்.

மலர் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐயமுள்ள இடத்தில் மூலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே விட்டு, அந்தப் பக்கத்தின் படத்தையும் அருகில் அச்சிடுங்கள். தங்கள் நாளிதழும் ஞாயிறுதோறும் இப்படி ஒரு சொல்லுக்கு நாலு வரி ஒதுக்கினால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
நாகர்கோவில்.