எண்கை நேரில் காட்டுங்கள்: வளர்தமிழ் இயக்கத்துக்கு ஒரு திறந்த மடல்

வளர்தமிழ் இயக்கத்தினருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் நீங்கள் நடத்தும் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு ஒரு யோசனை. ஒரு நாள் இருட்டும் நேரத்தில் பிள்ளைகளை மண்டாய்க்கு அழைத்துப் போங்கள். அங்குள்ள இரவு விலங்குத் தோட்டமான நைட் சஃபாரியில் கரடிக்கு முன்னால் நிறுத்தி, ‘எண்கு’ என்ற சொல்லை அங்கே சொல்லிக்கொடுங்கள்.

எண்கு என்றால் கரடிதான். உளியம் என்றும் ஒரு பழம்பெயர் உண்டு. அகநானூற்றில் இலுப்பைப் பழம் சலித்துப்போய்க் கறையான் புற்றைத் தேடிப் போவது உளியம். கம்பரிடம் சாம்பவான் கூட்டமெல்லாம் எண்குகள். அப்புறம் ‘கரடி’ வந்து எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது.

இதை அருஞ்சொற்பொருளாகத் தாளில் கொடுத்தால் தேர்வோடு போய்விடும். நற்றிணையின் 125ஆம் பாட்டைப் பாருங்கள். இரை தேடும் ஆண் எண்கு ஒன்று புற்றை உடைக்கிறது. உள்ளே இருக்கும் பாம்பு நடுங்குகிறது. ‘கொல்லன் ஊதுலைக் குருகின் உள்ளுயிர்த்து அகழும்’ என்கிறார் புலவர். குருகு இங்கே பறவையல்ல, உலைக்குக் காற்று ஊதும் துருத்தி.

வெறும் உவமை என்று தாண்டிவிட முடியாது. இந்திய, இலங்கைக் காடுகளின் கறுப்புச் சடைக்கரடி அப்படித்தான் தின்னும். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு அதற்குக் கிடையாது. மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, நீண்ட உதடுகளைக் குழாய்போல் குவித்து, முதலில் மண்ணை ஊதித் தள்ளும். பிறகு கறையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் 100 மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். பாட்டில் வரும் பெண் ‘நடுநாள் வருதல் அஞ்சுதும்’ என்று ஏன் சொல்கிறாள் என்பது, இருட்டில் அந்த உருவத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு உரையாசிரியர் இல்லாமலே விளங்கும்.

அதனால் கரடி மாறிவிடக் கூடாது. மலாயாக் காட்டுச் சூரியக் கரடி வேறு இனம். பாண்டாவைக் காட்டி எண்கு என்று சொல்லிவிட்டால், புலவர் பொறுத்தாலும் நான் பொறுக்கமாட்டேன்!

சொல் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். எண்ணுவதோடு முடிச்சுப்போட்டு ஒரு கதை கட்டிவிட வேண்டாம். தெலுங்கில் கரடிக்கு ‘எலுகு’, ‘எலுகுபண்டி’ என்று பெயர். பழைய சொற்பொருள் நூல்களான தமிழ் நிகண்டுகளின் வழக்கிலும் ‘எலு’ உண்டு. எண்கும் இவையும் ஒரே திராவிட வேரில் கிளைத்தவை. அங்கே வழக்கில் இருக்கும் சொல், இங்கே பாட்டுக்குள் ஒதுங்கிவிட்டது. தெலுங்கு பேசும் குடும்பங்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்களே, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். தங்கள் வீட்டுச் சொல்லை அவர்களே சொல்லட்டும்.

கரடி நம் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து நடிக்காது. படுத்துத் தூங்கினாலும் சரி, அந்த நகமும் உதடும் கண்ணில் பட்டால் போதும். ஏப்ரலில் சாயங்கால மழை இருக்கும், மாற்று நாள் ஒன்றும் குறித்துவையுங்கள். பாட்டை வாசிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு தமிழ் வாசகர்