மச்சானுக்கு, பென்ஷன் விஷயமாக

கல்லடி, மட்டக்களப்பு
ஜனவரி 24, 2026

அன்பின் மச்சான்,

நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். பதிலையும் குரலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் நடுவில் மீன்காரன் ஹார்ன் அடிப்பான், நாய் குரைக்கும், நீ கணக்கைக் கோட்டை விடுவாய். உனக்கு எண்களைக் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். அதனால் கடிதம்.

முதலில் ஊர்ப் புதினம். நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு சனம் இப்போதுதான் கொஞ்சம் நிமிர்கிறது. படுவான்கரைப் பக்கம் வயல்காரருக்குத்தான் பெரிய அடி. தப்பின வயல்கள் மாசி, பங்குனியில் வெட்டுக்கு வரும். பொங்கலை எல்லாரும் அடக்கமாகவே பொங்கினோம். உன் அக்கா வீட்டில் பின்மதில் சரிந்ததைத் தவிர வேறு சேதமில்லை, அதையும் மருமகன் கட்டிவிட்டான். மெதடிஸ்ட் பள்ளிக்கூடத்தில் நம்மோடு படித்தவர்களில் அரசாங்க உத்தியோகம் பார்த்த எல்லாரும் பென்ஷனில் வந்துவிட்டார்கள். பின்னேரம் காந்தி பூங்காப் பக்கம் போனால் அவர்களுடைய பேச்சில் பாதி பிரஷர், மீதி பென்ஷன். லண்டனில் உழைத்த நீயும் நானும் மட்டும் 67 வயது வரைக்கும் காத்திருக்க வேண்டிய ஆட்கள். 62-இல் பிறந்ததற்கு 2029 வரை பொறுக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விட்டுப்போன வருஷங்களுக்கு நாமாகக் காசு கட்டி பிரித்தானிய அரசாங்கம் தருகிற ஸ்டேட் பென்ஷனைக் கூட்டலாமாமே, கட்டட்டா என்று கேட்டாய். கட்டலாம். ஆனால் எதை, யாருக்கு, எந்த விலைக்கு என்று பார்க்காமல் கட்டாதே. நீ கடைசிக் காலத்தை எங்கே கழிக்கப் போகிறாய் என்பதையும் முதலில் உன் மனுசி தங்கச்சியோடு இருந்து பேசு. அதைத் தீர்மானிக்காமல் போடுகிற கணக்கெல்லாம் சும்மா.

அடிப்படைக் கணக்கு இதுதான். 2016 ஏப்ரல் 6-க்குப் பிறகு பென்ஷன் வயதுக்கு வருகிறவர்களுக்கு முழுப் பென்ஷன் என்றால் பொதுவாக 35 வருஷ நேஷனல் இன்சூரன்ஸ் (உழைக்கிற காலத்தில் அரசாங்கத்துக்குக் கட்டுகிற காப்புறுதிப் பணம்) பதிவு வேண்டும். பத்து வருஷம்கூட இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது. 2025–26 வரிவருஷத்தில் முழுத்தொகை கிழமைக்கு 230.25 பவுண். அதை 35-ஆல் பிரித்தால் ஒரு வருஷப் பதிவின் பெறுமதி கிழமைக்கு 6.58 பவுண், ஆண்டுக்கு 342 பவுண் அளவில். விட்டுப்போன ஒரு வருஷத்தைக் கிளாஸ் 3 என்ற கட்டணத்தில் வாங்கினால் கிழமைக்கு 17.75 வீதம் 923 பவுண். பென்ஷன் எடுக்கத் தொடங்கி மூன்று வருஷம் முடிவதற்குள் போட்ட காசு கைக்கு வந்துவிடும். அப்புறம் உயிர் இருக்கும்வரை லாபம்தான். இப்படி ஒரு வட்டியை எந்த வங்கியும் தராது, அது உண்மை. உன் நண்பர்கள் கோயிலில் வைத்துச் சொன்னதும் இவ்வளவுதான். மிச்சத்தை அவர்கள் சொல்லவில்லை.

தங்கச்சியிடமிருந்து தொடங்கு. உனக்கு 27 வருஷம் இருக்கிறது என்று சொன்னாய், அவவுக்கு எத்தனை என்று நீ சொல்லவே இல்லை. பிள்ளைகள் 92-இலும் 95-இலும் பிறந்தவர்கள். அவ அவர்களை வளர்த்துக்கொண்டு வீட்டில் இருந்த காலத்துக்கு, பிள்ளைக்கொடுப்பனவு எடுத்த தாய்மாருக்கென்று ஒரு பாதுகாப்பு இருந்தது. 1978 முதல் 2010 வரை, ஹோம் ரெஸ்பான்சிபிலிட்டீஸ் ப்ரொடெக்‌ஷன் என்று பெயர். அது பிறகு, காசு கட்டாமலே பதிவில் ஏறுகிற கிரெடிட் வருஷங்களாக மாற்றப்பட்டது. 2000 மே மாதத்துக்கு முன்னர் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தவர்களில் பலருடைய விண்ணப்பத்தில் நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் இல்லாததால் அந்த வருஷங்கள் பதிவில் ஏறாமலே போயின. அரசாங்கமே ஒத்துக்கொண்டு கடிதம் அனுப்பித் திருத்தத் தொடங்கிய விஷயம் இது. தங்கச்சியின் பதிவில் 90-களின் வருஷங்கள் வெறுமையாக இருந்தால் விண்ணப்பித்துத் திருத்தச் சொல்லு. இதற்கு ஒரு பென்ஸும் செலவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் நம்மட ஆட்கள் அநேகமாகத் தவறவிடுகிறார்கள். மகள் வேலைக்குப் போகிறாள், பேரனைப் பார்ப்பது அம்மம்மா. பிள்ளைக்கு 12 வயது ஆகும்வரை பிள்ளைக்கொடுப்பனவோடு ஒரு நேஷனல் இன்சூரன்ஸ் கிரெடிட் மகள் பெயரில் வரும். மகளுக்கு வேலையிலேயே அந்த வருஷம் நிறைந்துவிடுவதால் அந்தக் கிரெடிட் அவளுக்குத் தேவையில்லை. பென்ஷன் வயதை எட்டாத அம்மம்மாவுக்கு அதை மாற்றிக் கொடுக்கலாம். ஒரு படிவம், இரண்டு பேருடைய கையெழுத்து, அவ்வளவுதான். போன வருஷங்களுக்கும் கேட்கலாம். தங்கச்சி நாள் முழுக்கப் பேரனுக்குப் பின்னால் ஓடுகிறாவே, அந்த ஓட்டத்துக்கு அரசாங்கம் வைத்திருக்கிற கூலி இது. அதை எடுக்காமல் 923 பவுணைத் தூக்கிக் கொடுப்பாயா?

இனி உன் கதை. லண்டனுக்கு வந்த புதிதில், தஞ்ச விண்ணப்பத்துக்கு முடிவு வராமல், பெற்றோல் நிலையத்திலும் கடைகளிலும் கைக்காசுக்கு நின்றோமே, அந்த வருஷங்களை மறந்துவிடு. பதிவே இல்லை, வாங்கவும் முடியாது. 2006 முதல் 2016 வரையிலான இடைவெளிகளை நிரப்பக் கொடுத்திருந்த விசேஷ அவகாசமும் 2025 ஏப்ரல் 5-உடன் முடிந்துவிட்டது. இப்போது வழமையான ஆறு வருஷ விதி மட்டும். அதன்படி 2019–20 வரிவருஷத்துக்குக் கடைசித் தேதி 2026 ஏப்ரல் 5. உன்னுடைய வெறுமையான மூன்று வருஷங்களும் அங்கேதானே தொடங்குகின்றன? முதுகு ஆபரேஷன், பிறகு கொரோனாவோடு மினிகேப் (வாடகைக் கார்) ஓட்டம் படுத்தது.

இதில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது மச்சான். நீ சுயதொழில் என்று பதிந்து, வருஷா வருஷம் கணக்குக் காட்டியவன். இலாபம் குறைவென்பதால் அந்த வருஷங்களில் இன்சூரன்ஸ் கட்ட வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் கிளாஸ் 3-க்குப் போகத் தேவையில்லை, கிளாஸ் 2-இல் தாமாகக் கட்டலாம். 2025–26 கணக்கில் கிழமைக்கு 3.50, ஆண்டுக்கு 182 பவுண். மூன்று வருஷமும் 546 பவுணில் முடியும். இதையே கிளாஸ் 3-இல் கட்டினால் 2,769. கூடப்போகிற பென்ஷன் இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே இணையத்தில் காட்டுகிற விலையைப் பார்த்ததும் வங்கி அட்டையை எடுக்காதே. வரி அலுவலகத்துக்குப் போன் பண்ணி, "நான் சுயதொழில்காரன், இந்த வருஷங்களுக்குக் கிளாஸ் 2 கட்டலாமா" என்று கேள். காத்திருப்புப் பாட்டு நீளமாக ஓடும், ஓடட்டும்.

இன்னுமொரு எச்சரிக்கை. எல்லா வருஷமும் பென்ஷனைக் கூட்டாது. 2016-க்கு முந்திய வருஷங்களில் சில, பழைய விதிப்படி ஏற்கெனவே நிறைந்தவர்களுக்கு ஒன்றும் சேர்க்காது. கவுன்சிலிலோ ஆஸ்பத்திரியிலோ வேலைசெய்து கம்பனிப் பென்ஷனுக்காகக் குறைந்த இன்சூரன்ஸ் கட்டியவர்களுக்கு 35 வருஷம் இருந்தும் முழுத்தொகை வராமல் இருக்கும், அவர்களுக்கு 2016-க்குப் பிந்திய வருஷங்கள் உதவும். ஆளுக்கு ஆள் கணக்கு வேறு. மகளைக் கொண்டு அரசாங்க இணையப் பக்கத்தில் பென்ஷன் ஃபோர்காஸ்ட் என்ற முன்கணிப்பைத் திறந்து பார்த்தால் எந்த வருஷம் எவ்வளவு கூட்டும் என்று அதுவே சொல்லும். பார்க்காமல் கட்டினால் பிறகு திருப்பித் தரச் சொல்லிக் கேட்பது லேசான வேலையில்லை. "நான் செய்து தருகிறேன், இவ்வளவு தா" என்று வருகிற ஆட்களை வாசலோடு அனுப்பு.

இப்போது ஊருக்கு வருகிற கதை. திருப்பெருந்துறையில் காணி பார்க்கச் சொல்லியிருக்கிறாய், பார்க்கிறேன். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு வா. லண்டனில் இருந்தால் பென்ஷன் ஒவ்வொரு ஏப்ரலும் ஏறும். இலங்கைக்கு வந்து குடியிருந்தால் ஏறாது. எடுக்கத் தொடங்கிய அன்றைய தொகையிலேயே நின்றுவிடும். 2016-இல் முழுப் பென்ஷனான 155.65 பவுணோடு இங்கே வந்தவருக்கு இன்றைக்கும் 155.65 தான். அதே நாளில் எடுக்கத் தொடங்கி லண்டனில் இருப்பவருக்கு 2025–26-இல் 230.25. பிலிப்பைன்ஸில் போய் இருந்தால் ஏறும், ஏனென்றால் இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. நமக்கு இல்லை. இப்படி நின்றுபோன பென்ஷன்காரர் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள், 2010-இல் தோற்றார்கள். கட்டியது ஒரே காசு, இருக்கிற இடத்தைப் பார்த்து வேறு பென்ஷன். எனக்கு இதில் நியாயமே தெரியவில்லை.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு "அப்ப கட்டிப் பிரயோசனமில்லை" என்று முடிவெடுக்காதே. ரூபாய்க் கணக்கையும் பார். 2016-இல் ஒரு பவுண் 200 ரூபாய் அளவில், இன்றைக்கு 400-க்கு மேல். நின்றுபோன அந்த 155.65 பவுணும் ரூபாயில் இரட்டித்திருக்கிறது. சந்தை விலை அதற்குக் குறையாமல் ஏறிவிட்டது என்பது வேறு. ஆனாலும் இங்கே தனியார் வேலை பார்த்து, சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமுமாகச் சேர்ந்த ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை 55 வயதில் மொத்தமாக எடுத்து, கூரைக்கும் கல்யாணத்துக்கும் கரைத்துவிட்டு நிற்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். மாதாமாதம் சாகும்வரை வருகிற காசு நின்ற இடத்தில் நின்றாலும் காசுதான்.

வேடிக்கை என்னவென்றால், அங்கேயே இருப்பதானால்தான் நீ இன்னும் யோசித்துக் கட்ட வேண்டும். வாடகை வீடு, கையில் பெரிய சேமிப்பில்லை. பென்ஷன் குறைந்தவர்களுக்கு அங்கே பென்ஷன் கிரெடிட் என்று ஒரு உதவிப்பணம் இருக்கிறது. 2025–26 கணக்கில் தம்பதிக்குக் கிழமைக்கு 346.60 பவுண் வரை நிரப்பித் தரும். நீங்கள் இரண்டு பேரும் அந்த அளவுக்குக் கீழேதான் நிற்பீர்கள் என்றால், நீ வாங்கிய வருஷத்தால் ஏறுகிற ஆறரைப் பவுண் அந்தக் கிரெடிட்டில் குறைந்துவிடும். கட்டியது அரசாங்கத்துக்குத் தானம் செய்தது போலத்தான். இங்கே வந்தால் பென்ஷன் கிரெடிட் கிடையாது, வாங்கிய வருஷம் முழுசாக உன்னுடையது. எங்கே இருக்கப் போகிறாய் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

என் நிலைமையையும் கேட்டாய். 2012-இல் அம்மாவைப் பார்க்க வந்த பிறகும், வருகிறவரை அங்கேயும் வந்த பிறகு இங்கேயும் வேலையில் இருந்தேன் என்பதால், இங்கிருந்தே கிளாஸ் 2-இல் கட்டி வந்தேன். அந்த வழி 2026 ஏப்ரல் 6-உடன் மூடுகிறது. 2025 நவம்பரில் பிரித்தானிய வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர் இனிக் கிளாஸ் 3 தான் கட்டலாம், புதிதாகத் தொடங்குகிறவர் பத்து வருஷம் அங்கே இருந்தோ கட்டியோ இருக்க வேண்டும். முன்னர் மூன்று வருஷம் போதும். எனக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் குறை. ஐந்து மடங்கு விலையென்றாலும் கட்டி முடிக்கப் போகிறேன். மனுசி "எதுக்கு, இருக்கிறது காணும்" என்கிறா. இதில் அவவுடைய பங்கையும் யோசிக்க வேண்டும். இங்கே அரசாங்க உத்தியோகத்தன் செத்தால் விதவைகள், அநாதைகள் பென்ஷன் மனைவிக்குத் தொடரும். நம்முடைய புதிய ஸ்டேட் பென்ஷன் பெரும்பாலும் ஆளோடேயே போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், உன்னுடைய குறையைவிடத் தங்கச்சியின் குறைதான் முதலில் நிரப்ப வேண்டியது. அவ நம்மைவிட நீண்ட காலம் இருப்பா.

மகளிடம் சொல்லி உங்கள் இரண்டு பேருடைய ஃபோர்காஸ்ட் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பு. பெப்ரவரிக்குள் அனுப்பினால் இருந்து பார்த்து எது எது கட்டலாம் என்று எழுதுகிறேன். 2019–20-க்கு மட்டும் என்னை எதிர்பார்க்காமல் இந்தக் கிழமையே போன் பண்ணு. திருப்பெருந்துறைக் காணி 15 பேர்ச்சஸ் அளவு என்கிறார்கள், வெள்ளம் ஏறிய இடமா என்று பக்கத்து வீட்டாரிடம் விசாரித்துவிட்டு விலை பேசுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்